கேட்டீங்க, சொல்றேன்: அகதிக் குழந்தைங்களுக்கு யார் பொறுப்பு?

போன இதழ்ல, போர்லயும் அகதி முகாம்லயும் மாட்டிக்கிட்ட குழந்தைங்களப் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். நெறைய வந்துருக்கு. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேர்த்துட்டேன். பேர் போட வேணாம்னு பல பேர் கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

கேள்வி: எங்களுக்கு கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு, குழந்தை இல்ல. காசா, சிரியா, உக்ரைன்னு டிவில காட்டறப்ப தனியா நின்னு அழற குழந்தைங்கள பாத்தா எனக்கும் வீட்டுக்காரருக்கும் தாங்க மாட்டேங்குது. அங்கருந்து ஒரு குழந்தைய தத்தெடுத்துட்டு வந்து வளர்க்க வழி இருக்கா? - வாசகி, கோவை

அம்மா, உங்க மனசு நல்லாவே புரியுது. ஆனா நேரா சொல்லிடறேன், போர் நடந்துட்டு இருக்கற எடத்துலருந்து குழந்தைய தத்தெடுக்க முடியாது, முடியவும் கூடாது. இது உங்கள மாதிரி நல்லவங்க மேல இருக்கற சந்தேகம் இல்ல. தனியா நிக்கற குழந்தைக்கு யாருமே இல்லைன்னு நாமளா முடிவு பண்ணிக்கறோம் பாருங்க, அதுதான் பிரச்சனை. அம்மா வேற லாரில ஏறியிருப்பாங்க, அப்பா ஆஸ்பத்திரில கெடப்பாரு, ரெண்டு பேருமே போயிட்டாங்கன்னாலும் பாட்டியோ சித்தியோ மாமாவோ பார்டருக்கு அந்தப் பக்கம் இந்தக் குழந்தையத் தேடிட்டு அலைவாங்க. அந்த நேரத்துல ஒருத்தர் வந்து, பாசத்தோடவேதான், குழந்தைய தூக்கிட்டு வேற நாட்டுக்கு போயிட்டா அந்தப் பாட்டி எங்க போய் தேடறது.

இது நடக்காத கதை இல்லைங்க. 2007 அக்டோபர்ல ஆப்பிரிக்காவுல சாட் நாட்டுல, ஒரு பிரெஞ்சு தொண்டு நிறுவனம் 103 குழந்தைங்கள பிளேன்ல ஏத்தி பிரான்ஸுக்கு கொண்டு போகப் பாத்தாங்க. சூடான் டார்ஃபூர் போர்ல அநாதையான குழந்தைங்கன்னு சொன்னாங்க, அங்க பிரான்ஸ்ல அவங்கள வாங்கிக்க குடும்பங்கள் தயாரா காத்துட்டு இருந்துச்சு. புடிச்சு விசாரிச்சா முக்கால்வாசி குழந்தைங்க சாட் நாட்டுக்காரங்க, அப்பா அம்மாவோ சொந்தக்காரங்களோ இருக்கறவங்க, பள்ளிக்கூடத்துல சேக்கறோம்னு சொல்லி ஊர்லருந்து கூட்டிட்டு வந்துருக்காங்க. 2010ல ஹெய்ட்டி பூகம்பத்துக்கு அப்பறமும் அதே கதைதான், 33 குழந்தைங்களோட சில அமெரிக்கர்கள் பார்டர்ல புடிபட்டாங்க, அதுலயும் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு பெத்தவங்க உயிரோட இருந்தாங்க.

அதனால இந்த வேலைல இருக்கறவங்க முதல்ல பண்றது தத்து குடுக்கறது இல்ல, தேடறது. பேர், ஊர், அம்மா பேர், கடைசியா எங்க பாத்த, என்ன சட்டை போட்டிருந்தான்னு ஒண்ணு விடாம எழுதிக்குவாங்க. 1994ல ருவாண்டா படுகொலைக்கு அப்பறம் ஒரு லட்சத்துக்கும் மேல குழந்தைங்க குடும்பத்தைப் பிரிஞ்சு நின்னாங்க, அதுல பேசவே தெரியாத கைக்குழந்தைங்களும் இருந்தாங்க, அவங்கள்ட்ட என்னன்னு பேர் கேக்கறது? போட்டோ எடுத்து பெரிய பெரிய போர்டுல ஒட்டி முகாம் முகாமா கொண்டு போய் வெச்சாங்க, அம்மாமாருங்க வரிசைல நின்னு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டு போனாங்க. செஞ்சிலுவைச் சங்கம், யுனிசெஃப், சேவ் தி சில்ட்ரன் எல்லாம் சேந்து பண்ணின வேலை அது, அப்படியே பல்லாயிரக்கணக்கான குழந்தைங்க வீடு போய் சேந்தாங்க. அதனாலதான் குறைஞ்சது ரெண்டு வருஷமாவது தேடிப் பாக்காம தத்து பேச்சே எடுக்கக் கூடாதுன்னு ஐநா அகதிகள் ஆணையம் வழிகாட்டி நெறி வெச்சுருக்கு.

நம்ம பக்கமும் இதப் பாத்துருக்கோம். 2004 சுனாமி அப்ப பெத்தவங்கள இழந்த பிள்ளைங்கள தத்து கேட்டு எங்கெங்கிருந்தோ வந்தாங்க, தமிழ்நாடு அரசு அப்படி தூக்கிக் குடுக்காம நாகப்பட்டினம், கடலூர்லயே காப்பகம் திறந்து அவங்க ஊர்லயே, அவங்க சொந்தக்காரங்க வந்து பாத்துட்டு போற தூரத்துல வளர்த்துச்சு. இந்தோனேசியா இன்னும் ஒரு படி மேல போய், 16 வயசுக்கு கீழ இருக்கறவங்கள பெத்தவங்க இல்லாம ஆச்சே மாகாணத்த விட்டு வெளிய கூட்டிட்டு போகவே கூடாதுன்னு தடை போட்டுச்சு. ரெண்டும் சரியான முடிவுன்னுதான் நான் நெனக்கறேன்.

இன்னொண்ணு, உக்ரைன் சொன்னீங்களே, அங்கருந்து குழந்தைங்கள ரஷ்யாவுக்கு கொண்டு போய் ரஷ்யக் குடும்பங்கள்ட்ட குடுத்ததுக்குத்தான் 2023 மார்ச் 17ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் புடின் மேலயும் அந்த நாட்டு குழந்தைகள் உரிமை ஆணையர் மரியா ல்வோவா-பெலோவா மேலயும் கைது வாரண்ட் போட்டுச்சு. காப்பாத்தறோம்னு சொல்லித்தான் அவங்களும் கொண்டு போனாங்க. காசா, சிரியா மாதிரி எடத்துலயோ பொதுவா இஸ்லாமிய முறைப்படி தத்து கிடையாது, கஃபாலான்னு ஒரு முறை இருக்கு, குழந்தைய வளர்க்கலாம் ஆனா பொறந்த குடும்பத்தோட பேரும் உறவும் மாறாது. ஐநாவோட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையே அத 20வது பிரிவுல ஏத்துக்கிட்டிருக்கு.

உங்களுக்கு நான் சொல்றது இதுதாம்மா, மத்திய அரசோட தத்தெடுப்பு ஆணையம் காரா, அதோட வெப்சைட்ல ரெண்டு பேரும் பதிவு பண்ணுங்க. வருஷக்கணக்குல காத்திருக்க வேண்டியிருக்கும், தெரியும். ஆனா அங்க உங்க கைக்கு வர்ற குழந்தை, தேட வேண்டியவங்கள எல்லாம் தேடி முடிச்சு சட்டப்படி விடுவிச்ச குழந்தையா இருக்கும். அநாதை ஆசிரமத்துல தெரிஞ்சவர் இருக்காரு, நேரா வாங்கித் தர்றேன்னு எவனாவது வந்தா கதவ சாத்துங்க.

கேள்வி: ஐநா, உடன்படிக்கை, தீர்மானம்னு பாடப்புத்தகத்துல பக்கம் பக்கமா இருக்கு. யாராச்சும் மீறினா கேக்க ஆள் இருக்கா? இல்ல வெறும் காகிதமா? - ஆசிரியர், திருநெல்வேலி

சார், கேக்க போலீஸ் கிடையாது. அது உண்மை. ஆனா வெறும் காகிதம்னும் சொல்ல மாட்டேன், அது எப்படி வந்துச்சுன்னு பாத்தா பிள்ளைங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கறதே மாறும்.

முதல் உலகப்போர் முடிஞ்ச அப்பறமும் ஜெர்மனி, ஆஸ்திரியா மேல பிரிட்டன் கப்பல் தடைய எடுக்கல, அங்க குழந்தைங்க சோறில்லாம சுருண்டு கெடந்தாங்க. எக்லண்டைன் ஜெப்னு ஒரு இங்கிலாந்துப் பெண்மணி 1919ல அந்தக் குழந்தைங்க படத்த போட்டு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துல நோட்டீஸ் குடுத்தாங்க. சென்சார் அனுமதி வாங்காம நோட்டீஸ் குடுத்தேன்னு கேஸ் போட்டு 5 பவுண்ட் ஃபைன் அடிச்சாங்க. கேஸ் நடத்தின அரசு வக்கீலே அந்த 5 பவுண்ட அவங்க கைல குடுத்துட்டு போனாரு. அதே வருஷம் ஆரம்பிச்சதுதான் சேவ் தி சில்ட்ரன். அந்தம்மா எழுதின அஞ்சே அஞ்சு வரிய 1924ல, ஐநாவுக்கு முன்னால இருந்த சர்வதேச சங்கம் ஜெனீவா பிரகடனமா ஏத்துக்கிச்சு, ஆபத்து காலத்துல உதவி முதல்ல குழந்தைக்குத்தான் போய் சேரணும்ங்கறது அதுல ஒண்ணு.

அப்பறம் 1951ல அகதிகள் உடன்படிக்கை வந்துச்சு, உயிருக்கு ஆபத்து இருக்கற எடத்துக்கு அகதிய திருப்பி அனுப்பக் கூடாதுங்கற 33வது பிரிவுதான் அதோட உயிர்நாடி. ஆனா அது பெரியவங்கள மனசுல வெச்சு எழுதினது, குழந்தைங்க அப்பா அம்மாவோட வால் புடிச்சுட்டு வர்றவங்கன்னு மட்டும்தான் பாத்துச்சு. ஆரம்பக் கல்வி பத்தி 22வது பிரிவுல கொஞ்சம் இருக்கு, அவ்வளவுதான். குழந்தைய தனி ஆளா பாத்தது 1989 நவம்பர் 20ல ஐநா நிறைவேத்தின குழந்தைகள் உரிமை உடன்படிக்கைதான். 1978ல போலந்து முன்மொழிஞ்சு பத்து வருஷம் பேசிப் பேசி வந்தது, 54 பிரிவு. தற்செயலா அதுலயும் 22வது பிரிவுதான் அகதிக் குழந்தைங்களுக்கு, பிள்ளைங்களுக்கு ஞாபகம் வெச்சுக்க ஈசி. துணையோட வந்தாலும் தனியா வந்தாலும் பாதுகாப்பு குடுக்கணும், குடும்பத்த தேடிக் குடுக்கணும், கிடைக்கலைன்னா சொந்த நாட்டுல பெத்தவங்க இல்லாத குழந்தைய எப்படி பாத்துப்பீங்களோ அப்படியே பாத்துக்கணும்னு இருக்கு.

ஒப்புதல் குடுத்து அதுல சேந்த நாடுங்க 196. ஜெனீவால 18 பேர் கொண்ட குழு ஒண்ணு இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு நாடும் அவங்க முன்னால வந்து பதில் சொல்லணும். அங்க கேக்கற கேள்விய விட, உள்ளூர் கோர்ட்ல ஒரு வக்கீல் அந்தப் பிரிவ காட்டி வாதாடறதுதான் நிஜமா பலன் குடுக்குது. ஒரு நாட்டுல கையெழுத்து எப்ப உயிர் பெறுதுன்னா, அது ஒரு ரிஜிஸ்டரா, ஒரு பர்த் சர்டிபிகேட்டா, ஒரு கார்டியனா, பள்ளிக்கூடத்துல ஒரு பெஞ்ச்சா மாறறப்பத்தான். இந்த இதழ்ல நான் சொல்லப்போறது எல்லாமே சுத்திச் சுத்தி இதுலதான் வந்து நிக்கும்.

கேள்வி: எல்லா நாடும் போட்டிருக்குன்னு சொல்றாங்க, அமெரிக்கா மட்டும் போடலையாமே? - சென்னை

1995ல கையெழுத்து போட்டாங்க, ஆனா செனட்ல ஒப்புதல் குடுக்கவே இல்ல. ஐநா உறுப்பு நாடுகள்ல ஒப்புதல் குடுக்காத ஒரே நாடு அதுதான்.

அதோட விளைவுன்னு மட்டும் சொல்ல முடியாது, ஆனா 2018ல நடந்தத சொல்லணும். மெக்சிகோ பார்டர்ல அனுமதியில்லாம வந்தவங்கள எல்லாம் கிரிமினல் கேஸ்ல போட்டு ஜெயிலுக்கு அனுப்பறோம்னு டிரம்ப் அரசு அறிவிச்சுது, ஜெயில்ல குழந்தைய வெச்சுக்க முடியாதுல்ல, அதனால பிரிச்சாங்க. 2017, 2018 ரெண்டு வருஷத்தையும் சேத்தா அப்படி பிரிச்ச குழந்தைங்க 5,000க்கும் மேல. 2018 ஜூன் 26ல டானா சப்ராங்கற ஃபெடரல் ஜட்ஜ், 5 வயசுக்கு கீழ இருக்கறவங்கள 14 நாள்லயும் மத்தவங்கள 30 நாள்லயும் சேத்து வைங்கன்னு உத்தரவு போட்டாரு. சேத்து வைக்கப் போனாதான் தெரியுது, எந்தக் குழந்தை எந்த அம்மாவோடதுன்னு ஒழுங்கான பதிவே இல்ல. ஒரு டிபார்ட்மென்ட் பெரியவங்கள வெச்சிருக்கு, இன்னொண்ணு குழந்தைங்கள வெச்சிருக்கு, ரெண்டு லிஸ்டும் ஒண்ணோட ஒண்ணு பேசல. கைதிங்களோட பொருளுக்கு பக்காவா கணக்கு வெச்சிருக்கீங்க, குழந்தைங்களுக்கு வெக்கலையேன்னு அந்த ஜட்ஜே உத்தரவுல எழுதினாரு. பெத்தவங்கள நாடு கடத்தினதுக்கு அப்பறம் குழந்தை மட்டும் அங்க தங்கிப் போன கேஸ்ங்க இருக்கு, வருஷக்கணக்கா குவாத்தமாலா, ஹோண்டுராஸ் கிராமங்கள்ல வீடு வீடா போய் தேடினாங்க.

கேள்வி: நான் சின்ன வயசுல இலங்கைலருந்து வந்தேன், முகாம்லயே வளர்ந்து இங்கயே கல்யாணம் ஆச்சு, வீட்டுக்காரரும் முகாம்தான். எங்க பையன் 2012ல இங்க அரசு ஆஸ்பத்திரில பொறந்தான். பர்த் சர்டிபிகேட் இருக்கு. அவன் எந்த நாட்டுக்காரன்னு அவனே கேக்கறான். என்னன்னு சொல்ல? - ஒரு தாய், திருச்சி

தங்கச்சி, பர்த் சர்டிபிகேட் பத்திரமா வெச்சுக்கோங்க, அது ரொம்ப பெரிய விஷயம், ஆனா அதுவே குடியுரிமை ஆயிடாது. நம்ம குடியுரிமைச் சட்டத்துல தேதிதான் எல்லாம். 1950 ஜனவரி 26லருந்து 1987 ஜூலை 1க்கு முன்னால வரைக்கும் இந்தியாவுல பொறந்தவங்க, பெத்தவங்க யாரா இருந்தாலும் இந்தியர். அதுக்கு அப்பறம் அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர் 3லருந்து இன்னும் இறுக்கம், ஒருத்தர் இந்தியர், இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பெண், இந்த முதல் விதிய காட்டி மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தல்ல திருச்சில முதல் முறையா ஓட்டும் போட்டாங்க, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க பையன் 2012ல பொறந்ததால அந்த வழி அவனுக்கு இல்ல.

இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டுல பொறந்த குழந்தைக்கு பெத்தவங்க வழியா குடியுரிமை உண்டு, ஆனா தானா வராது, சென்னைல இருக்கற இலங்கை துணைத் தூதரகத்துல பொறப்ப பதிவு பண்ணணும். 1984லருந்து முகாம்கள்ல வேலை செய்யற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதுக்கு பேப்பர் தயார் பண்ண உதவி செய்வாங்க. பதிவு பண்றதால பின்னால இங்க குடியுரிமை கேக்கறதுக்கு என்ன ஆகும்ங்கற பயம் உங்கள மாதிரி பலருக்கு இருக்கு, அத ஒரு வக்கீல்ட்ட உக்காந்து பேசிட்டு செய்யுங்க. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுப்பாங்க, முகாம்ல இருக்கறவங்களுக்கு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

இத உங்களுக்காக மட்டும் இல்லாம எல்லாருக்கும் சொல்றேன். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கைல சேரல. 1983லருந்து வந்தவங்கள தமிழ்நாடு வெச்சு பாத்துக்கிச்சு, பிள்ளைங்க அரசுப் பள்ளிலயே படிக்கறாங்க, 2021ல முகாம் வீடுங்கள புதுசா கட்டித் தர, படிப்புக்கு உதவன்னு 317 கோடி ரூபாய்க்கு திட்டம் அறிவிச்சாங்க, அதெல்லாம் மனசார பாராட்டணும். ஆனா 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இவங்கள சேக்கல. குழந்தைகள் உரிமை உடன்படிக்கைல இந்தியா 1992லயே சேந்தாச்சு, அதோட 7வது பிரிவு பொறந்த உடனே பதிவு, ஒரு பேர், ஒரு நாடுன்னு சொல்லுது. இது நடக்காத காரியமும் இல்ல. கொலம்பியாவுலயும் பொறந்தாலே குடியுரிமைன்னு சட்டம் கிடையாது. வெனிசுவேலாலருந்து தப்பிச்சு வந்தவங்களுக்கு அங்க பொறந்த குழந்தைங்க, சொந்த நாட்டு தூதரகமும் மூடிக் கெடந்ததால எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாம நின்னாங்க. 2019 ஆகஸ்ட்ல ஒரே உத்தரவுல அப்படிப்பட்ட 24,000க்கும் மேல குழந்தைங்களுக்கு கொலம்பியா குடியுரிமை குடுத்துச்சு.  நாப்பது வருஷமா இங்க இருக்கறவங்களோட, இங்கயே பொறந்த பிள்ளைங்களுக்காவது நாமளும் செய்யணும். பையன்ட்ட, இன்னும் முடிவாகல, அம்மா அதுக்குத்தான் அலையறேன்னு உண்மைய சொல்லுங்க, பன்னெண்டு வயசு தாண்டின பையனுக்கு அது புரியும்.

கேள்வி: ஆஸ்திரேலியா வந்து பல வருஷமாச்சு. இங்க குழந்தைகளையே தடுப்பு முகாம்ல வெச்சாங்க, நம்ம தமிழ்க் குடும்பத்துக்கே அது நடந்துச்சு. இது சர்வதேச சட்டத்துக்கு சரியா? - சிட்னி

சரியில்ல. உடன்படிக்கையோட 37வது பிரிவு, வேற வழியே இல்லாதப்ப கடைசியா, எவ்வளவு கொஞ்ச காலம் முடியுமோ அவ்வளவுதான்னு சொல்லுது. 2017ல ஐநா குழு இன்னும் தெளிவா, விசா இல்லைங்கற காரணத்துக்காக குழந்தைய அடைச்சு வைக்கவே கூடாதுன்னு சொல்லிருச்சு.

நீங்க சொல்றது குயின்ஸ்லாந்து பிலோயலா ஊர்ல இருந்த குடும்பம்தானே. ரெண்டு பெண் குழந்தைங்களும் ஆஸ்திரேலியாவுலயே பொறந்தவங்க. 2018 மார்ச்ல விடியக்காலைல வந்து கூட்டிட்டு போனாங்க, 2019 ஆகஸ்ட்ல இலங்கைக்கு அனுப்ப பிளேன் ஏத்தி, பறந்துட்டு இருக்கறப்பவே கோர்ட் தடை வந்து டார்வின்ல இறக்கி, அப்பறம் கிறிஸ்துமஸ் தீவு தடுப்பு முகாம். 2021 ஜூன்ல சின்னப் பொண்ணுக்கு ரத்தத்துல தொற்று ஏறி பெர்த் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடற வரைக்கும் அரசு அசையல. அசைய வெச்சது யாருன்னா, பிலோயலா ஊர் ஜனங்க. கறிக்கூடம், மாட்டுப் பண்ணைன்னு இருக்கற சின்ன ஊர், அரசியல்ல பழமைவாத கட்சிக்கு ஓட்டு போடற ஊர், எங்க ஊர்க்காரங்கள திருப்பிக் குடுங்கன்னு நாலு வருஷம் விடல. 2022 ஜூன்ல ஊருக்கு வந்தாங்க, ஆகஸ்ட்ல நிரந்தர விசா. குழந்தைப் பருவத்துல போன நாலு வருஷத்த யார் திருப்பித் தர்றது.

வேற தீவுக்கு அனுப்பிட்டா பொறுப்பு போயிடும்ங்கற வாதத்தையும் 2025 ஜனவரில ஐநா மனித உரிமைக் குழு தள்ளிருச்சு, நவ்ருக்கு அனுப்பின துணையில்லாத சிறுவர்கள் விஷயத்துல ஆஸ்திரேலியாதான் பொறுப்புன்னு தீர்ப்பு. அடைக்காம என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு இத்தாலிய காட்டலாம். அங்க 2017ல ஒரு சட்டம் போட்டாங்க, தனியா கப்பல்ல வந்து எறங்கற சிறுவர எந்தக் காரணத்துக்கும் பார்டர்ல திருப்பி அனுப்பக் கூடாது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கார்டியன் வேணும். அந்த கார்டியன் யாருன்னா பயிற்சி எடுத்துக்கிட்ட சாதாரண ஜனங்க, டீச்சர், ரிட்டயர் ஆனவங்க, வக்கீல். பையனோட ஆஸ்பத்திரிக்கு போவாங்க, ஸ்கூல் அட்மிஷனுக்கு போவாங்க, கோர்ட்ல பக்கத்துல நிப்பாங்க. சம்பளம் கிடையாது.

கேள்வி: எங்கட வீட்டில ஒராளை பதினைஞ்சு வயசில இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை. திரும்பி வந்தவர், ஆனா இண்டைக்கும் சனம் ஒரு மாதிரித்தான் பாக்கினம். சின்னப் பிள்ளையளைப் போருக்குக் கொண்டு போனவைக்கு உலகத்தில எங்கயாவது தண்டனை கிடைச்சிருக்கோ? - யாழ்ப்பாணம்

கிடைச்சிருக்குங்க. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஆரம்பிச்சு குடுத்த முதல் தீர்ப்பே அதுக்குத்தான். காங்கோ நாட்டு ஆயுதக்குழு தலைவர் தாமஸ் லுபாங்கா, 15 வயசுக்கு கீழ இருக்கறவங்கள படைல சேத்ததுக்கு 2012 மார்ச்ல குற்றவாளின்னு தீர்ப்பு, ஜூலைல 14 வருஷம் தண்டனை.

அது வர்றதுக்கு அடி போட்டது மொசாம்பிக் நாட்டு முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மஷேல் அம்மா 1996ல ஐநாவுக்கு குடுத்த அறிக்கை. அதுக்கப்பறம்தான் இதுக்குன்னே ஐநால ஒரு சிறப்புப் பிரதிநிதி பதவி வந்துச்சு, 2006லருந்து 2012 வரை அதுல இருந்தவங்க இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. 2005ல பாதுகாப்புச் சபையோட 1612வது தீர்மானம், எந்த நாட்டுல எந்தப் படை குழந்தைங்கள என்ன பண்ணுதுன்னு ஒழுங்கா கணக்கெடுக்க வழி பண்ணுச்சு. அதுக்கு முன்னாலயே அந்தப் படைங்களோட பேர்ப் பட்டியல ஐநா வெளியிட ஆரம்பிச்சிருந்துச்சு. அந்தப் பட்டியல்ல புலிகள் பேர் இருந்துச்சு, புலிகள்ட்டருந்து பிரிஞ்சு போன கருணா அணி பேரும் இருந்துச்சு. 2003ல புலிகளோட யுனிசெஃப் ஒப்பந்தம் போட்டு கிளிநொச்சில இடைத்தங்கல் நிலையம் திறந்தும், விட்டாங்க, திரும்பப் புடிச்சாங்கன்னுதான் போச்சு, இத நம்ம இனம், நம்ம போராட்டம்ங்கறதுக்காக மூடி மறைக்கக் கூடாதுன்னு நான் நெனக்கறேன், ஏன்னா பறிபோனது நம்ம பிள்ளைங்கதான். அதேபோல போரோட கடைசிக் காலத்துல குண்டு விழுந்த எடத்துல செத்த பிள்ளைங்களுக்கு அரசுத் தரப்புல யாரும் இதுவரைக்கும் எந்த கோர்ட்லயும் பதில் சொல்லல. ரெண்டையும் சேத்துத்தான் சொல்லணும்.

உங்க வீட்டுல இருக்கறவர் விஷயத்துக்கு வர்றேன். 2007ல பாரிஸ்ல நாடுங்க ஒத்துக்கிட்ட கோட்பாடு என்னன்னா, படைல சேக்கப்பட்ட பிள்ளைய முதல்ல பாதிக்கப்பட்டவராத்தான் பாக்கணும், குற்றவாளியா இல்ல. அவர் அப்ப பதினஞ்சு வயசுப் பிள்ளை. யாராவது ஒரு மாதிரி பாத்தா, தூக்கிட்டு போனவங்களக் கேளுங்க, போனவர கேக்காதீங்கன்னு சொல்லுங்க. ராத்திரி தூக்கம் இல்லாம, திடீர்னு கோபம் வந்துட்டு இருந்தார்னா மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க, இத்தன வருஷம் கழிச்சும் அதுக்கு வைத்தியம் உண்டு.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஒரு சின்னப் பையனோ பொண்ணோ நேரடியா ஐநால புகார் பண்ண முடியுமா? - நாமக்கல்

முடியும்ப்பா, நல்ல கேள்வி. 2014 ஏப்ரல்லருந்து ஒரு கூடுதல் ஒப்பந்தம் அமல்ல இருக்கு, அதுல சேந்த நாட்டுல இருக்கற குழந்தை, உள்ளூர் கோர்ட்ல எல்லாம் போய் பாத்தும் நியாயம் கிடைக்கலைன்னா ஜெனீவா குழுக்கு எழுதலாம். இந்தியா அதுல இன்னும் சேரல.

அப்படி போன ஒரு கேஸ் சொல்றேன். மாலி நாட்டுலருந்து தனியா வந்த ஒரு பையன் 2014 டிசம்பர்ல ஆப்பிரிக்காவுல மொராக்கோவ ஒட்டி இருக்கற ஸ்பெயினோட மெலில்லா ஊர் எல்லை வேலில ஏறி எறங்கினான். நீ யாரு, என்ன வயசுன்னு ஒரு வார்த்தை கேக்காம கைவிலங்கு போட்டு அப்படியே மொராக்கோ பக்கம் தள்ளிட்டாங்க. 2019ல குழு, ஸ்பெயின் செஞ்சது தப்பு, நஷ்ட ஈடு குடுக்கணும்னு சொல்லுச்சு. அதே ஸ்பெயின் மேல வந்த இன்னும் பல கேஸ் வயசு பத்தினது. நீ சின்னப் பையன் இல்லைன்னு சொல்லி மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து முடிவு பண்ணுவாங்க. அதுக்கு ஒப்பிட்டு பாக்கற படப் புத்தகம் 1930கள்ல அமெரிக்காவுல வசதியான வீட்டுப் பிள்ளைங்கள வெச்சு எடுத்தது. பட்டினில வளந்த ஆப்பிரிக்கப் பையன் எலும்புக்கு அது எப்படி பொருந்தும்? ரெண்டு வருஷம் முன்ன பின்ன ஆகலாம், அந்த ரெண்டு வருஷத்துல பையன் பெரியவங்க முகாமுக்கு போயிடுவான். சந்தேகம் இருந்தா குழந்தைன்னே எடுத்துக்கணும்னு குழு திரும்பத் திரும்ப சொல்லிருக்கு.

கேள்வி: உலகம் பூரா இவ்வளவு நிதி வசூல் பண்றாங்களே, அது போய் சேருதா? - மதுரை

போற அளவே கம்மிங்க. 2024 கடைசில உலகத்துல வீடு வாசல் விட்டு ஓடினவங்க 12 கோடியே 32 லட்சம் பேர், அதுல பத்துக்கு நாலு குழந்தை. இவங்கள பாக்கற ஐநா அகதிகள் ஆணையத்துக்கு ஐநாவோட நிரந்தர பட்ஜெட்லருந்து வர்றது ரொம்ப சொற்பம், மத்ததெல்லாம் நாடுங்களும் ஜனங்களும் விருப்பப்பட்டு குடுக்கறதுதான், அதனால ஒரு பெரிய நாடு கைய இழுத்துக்கிட்டா எங்கயோ ஒரு ஸ்கூல் மூடுது.

வங்கதேசம் காக்ஸ் பஜார்ல அதுதான் நடந்துச்சு. 2017 ஆகஸ்ட் 25க்கு அப்பறம் மியன்மார் ராணுவத்துக்கு பயந்து 7 லட்சத்துக்கும் மேல ரோஹிங்கியா ஜனங்க வந்தாங்க, பாதிக்கு மேல குழந்தைங்க. அவங்க ஏற்கனவே 1982 குடியுரிமைச் சட்டத்தால சொந்த நாட்டுலயே நாடில்லாதவங்க. வங்கதேசம் எடம் குடுத்துச்சு, ஆனா நம்ம ஊர் ஸ்கூல்ல சேந்தா இங்கயே தங்கிடுவாங்கன்னு வங்கப் பாடத்திட்டத்த படிக்க விடல, மூங்கில் கொட்டகைல கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் இங்கிலீஷ்னு பல வருஷம் போச்சு. 2021 கடைசிலதான் மியன்மார் பாடத்திட்டம் ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்க ஆசையா வந்தாங்க. 2025 ஜூன்ல பணம் இல்லைன்னு ஆயிரத்துக்கும் மேல உள்ளூர் டீச்சர்கள வேலைய விட்டு நிறுத்த வேண்டியதாச்சு. ஸ்கூல் இல்லாத முகாம்ல பொண்ணுக்கு சீக்கிரம் கல்யாணம், பையன் வேலைக்கு, இல்லைன்னா ஏஜென்ட் கைல காச குடுத்து மலேசியா படகு. இந்த மூணும் தவிர நாலாவது வழி இல்ல அவங்களுக்கு.

கேள்வி: இதெல்லாம் படிச்சா மனசு கனக்குது. வீட்ல இருக்கற நாங்க என்ன பண்ண முடியும்? - ஈரோடு

மூணு விஷயம் சொல்றேன்க்கா, முடிஞ்சத செய்யுங்க. காசு குடுக்கணும்னா யுனிசெஃப், அகதிகள் ஆணையம் மாதிரி பேர் தெரிஞ்ச எடத்துக்கு அவங்க வெப்சைட்லயே குடுங்க, வாட்ஸ்அப்ல குழந்தை படத்தோட வர்ற அக்கவுன்ட் நம்பருக்கு வேணாம். அந்த படத்த ஃபார்வேர்டும் பண்ணாதீங்க, காயம்பட்ட குழந்தையோட மூஞ்சிய ஊர் பூரா அனுப்ப அந்தக் குழந்தையோ அதோட அம்மாவோ சம்மதம் குடுக்கல.

ஈரோட்டுலயே பவானிசாகர் பக்கம், அரச்சலூர் பக்கம் மறுவாழ்வு முகாம் இருக்கு. அங்க பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களுக்கு காலேஜ் ஃபார்ம் நிரப்ப, ஸ்காலர்ஷிப் எங்க இருக்குன்னு தேட, இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க ஆள் வேணும். முகாம் தலைவர்ட்டயோ ரெவின்யூ ஆபீஸ்லயோ கேட்டுட்டு போங்க, பர்மிஷன் வாங்கணும்.

மூணாவது, பஸ் ஸ்டாண்ட்லயோ ரயில்வே ஸ்டேஷன்லயோ தனியா ஒரு குழந்தைய பாத்தா, அது எந்த மாநிலம், எந்த நாடு, என்ன பாஷை எதுவா இருந்தாலும், வீட்டுக்கு கூட்டிட்டு போகாம பக்கத்துலயே நின்னுகிட்டு 1098க்கு போன் போடுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, அவங்க ஆள் வர்ற வரைக்கும் நீங்க அங்கயே இருங்க.